ஓர் அட்டைக்கு ஒரு வரி

சிதம்பரம்
18 ஜனவரி 2012

ஜான்சிக்கு,

நீயும் குழந்தை சிந்துஜாவும் புயலுக்குப் பின் உடல்நலத்துடன் இருப்பதாகத் தம்பி காத்தவராயன் தெரிவித்தான். நிம்மதி. இனி அலுவல்.

இக்கடிதத்தைக் கொண்டுவரும் ஓட்டுநர் சுப்பிரமணியனிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அண்ணாகிராமம் ஒன்றியத்தில் கூரை இழந்த குடும்பங்களுக்கு நம் அறக்கட்டளை தகரக் கூரை வழங்கவிருக்கிறது. அதற்கான பட்டியல், பென் டிரைவில் உள்ள அட்டவணையில்தான் ஏற வேண்டும். மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் ஜெனரேட்டர் ஓடும் நேரங்களில் நீ பதிவு செய். அவ்வப்போது அதை எனக்குத் திருப்பி அனுப்பு.

இந்த அட்டவணையை வடிவமைத்தவள் நான். எந்தக் கல்லூரியும் எனக்கு இதைக் கற்பிக்கவில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் பணியாற்றிக்கொண்டே, அட்டை கிழிந்த ஆங்கில நூல்களைப் பழைய விலைக்கு வாங்கி, அகராதியை மடியில் விரித்துவைத்துப் படித்தவள். பட்டம் பெற்றவர்கள் செய்துவைத்த முந்தைய பட்டியலின் இலட்சணத்தை நீயே கண்டாய். தார்ப்பாய் வழங்கியபோது ஒரே குடும்பம் மூன்று பெயர்களில் மூன்று தார்ப்பாய் பெற்றுச் சென்றது. ஒருங்கிணைப்பாளர் வைத்திலிங்கம் ஐயா நன்கொடையாளர் முன்னிலையில் தலைகுனிந்து நின்றார்.

இம்முறை அது நிகழாது. ஆங்கில நூல்களில் யூனிக் கீ என வழங்கப்படுவதை நான் 'தனிச்சாவி' என்று எழுதுகிறேன். குடும்ப அட்டை எண்ணின் மீது அந்தத் தனிச்சாவியைப் பூட்டியிருக்கிறேன். ஒருமுறை ஏறிய அட்டை எண் மறுமுறை ஏறாது. அழுதாலும் ஏறாது, அதிகாரி சொன்னாலும் ஏறாது. ஓர் அட்டைக்கு ஒரு வரி.

பட்டியல் குறித்து என்னிடம் தொலைபேசியில் எதையும் பேசாதே. எழுது. உன்னை இப்பணியில் சேர்த்துவிட்டவள் நான் என்பதை அலுவலகம் அறியும். என் தம்பி மனைவி என்பதால் உன்மீது ஒரு கண் கூடுதலாகவே இருக்கும். என் கண்ணும் அதில் சேர்த்தி.

வே. லோகநாயகி


கடலூர்
27 ஜனவரி 2012

அண்ணிக்கு ஜான்சி எழுதுவது.

இங்கே கரண்ட் இன்னும் வரவில்லை. கொசு ஜாஸ்தி. ஜெனரேட்டர் மத்தியானம் மூணு மணி நேரம் ஓடுது, அதுக்குள்ள முடிச்சுடறேன்.

இதுவரைக்கும் 611 விண்ணப்ப பாரம் ஏத்திட்டேன். ஆனா கம்ப்யூட்டர் 612-ன்னு காட்டுது. ரெண்டு தடவை எண்ணிட்டேன். நான் போட்டது 611-தான்.

இன்னும் 43 பாரம் ஏறமாட்டேங்குது. இந்த அட்டை எண் ஏற்கெனவே உள்ளதுன்னு சிவப்புல எழுதுது. நீங்க பூட்டுன சாவிதான். ஆனா அண்ணி, இந்த 43-ம் ஏமாத்துற கேஸு மாதிரி எனக்குத் தெரியல. நம்ம ஊர்ல வேலி ஓரத்து வீட்டு மங்கலம் அக்காவை உங்களுக்குத் தெரியும். அவுங்களும் ஓரகத்தியும் ஒரே கார்டு. கல்யாணமாகித் தனி உலை வச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. கார்டை மட்டும் யாரும் பிரிக்கல. யாரு தாலுக்கா ஆபீசுக்கு அலையறதுன்னு விட்டுட்டாங்க. இந்தப் பக்கம் பாதி வீடு அப்படித்தான். கூரை ரெண்டும் போயிடுச்சு. ஓரகத்தி பாரம் ஏறிடுச்சு, மங்கலம் அக்கா பாரம் நிக்குது. ஆபீசுக்கே வந்துட்டாங்க.

"ஏம்மா ஜான்சி, கார்டு ஒண்ணுன்னா காத்து ஒரு வீட்டுக் கூரையைத்தான் தூக்கணும்னு அதுக்கு யாரு சொல்றது?" அப்படின்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?

இன்னொண்ணு. ஒரு நம்பர் ஏறாதப்ப, அது ஏற்கெனவே யார் பேர்ல ஏறியிருக்குன்னு நான் பார்க்கலாமா? பார்த்து, அந்த ஆளு அந்த ஊர்ல குடியே இல்லாதவங்களா இருந்தா, அவுங்களைக் கேக்கலாமா? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

ஜான்சி


சிதம்பரம்
2 பிப்ரவரி 2012

ஜான்சிக்கு,

உன் வினாக்களுக்கு வரிசையாக விடையளிக்கிறேன்.

611, 612 குறித்து: எண்ணும் பொறி தவறாது. பிழை உன் விரலில் இருக்கும். மீண்டும் எண்ணு.

43 பாரங்கள் குறித்து: தனிச்சாவி தன் கடமையைச் செய்கிறது. தனி உலை என்று சொல்லிக்கொள்ள எவராலும் இயலும். உலைக்கு அரசு முத்திரை கிடையாது, அட்டைக்கு உண்டு. ஒன்பது ஆண்டுகளாக அட்டையைப் பிரிக்காதவர்களுக்குத் தகரம் வருகிறது என்றதும் உலை தனியாகிவிட்டதோ? மங்கலம் அக்காள் நயமாகப் பேசுவார். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து அறிவேன். நயமான பேச்சுக்கு வரி ஒதுக்கப்படவில்லை.

இறுதி வினா குறித்து: முதலில் ஏறியவரே உரியவர். அவர் எங்கே குடியிருக்கிறார், எதற்காகப் பெயர் கொடுத்தார் என்று கிளறுவது உன் பணியன்று. ஏறிய வரி ஏறியதுதான்.

உன் கடிதத்தில் உன் குரலோடு இன்னொரு குரலும் கேட்கிறது. 'தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்துகொண்ட பிறகே கேட்கிறார்கள். யார் உன்னைக் கேட்கச் சொன்னது? எழுது.

வே. லோகநாயகி


கடலூர்
9 பிப்ரவரி 2012

அண்ணிக்கு,

யாரும் கேக்கச் சொல்லல.

654 பாரமும் ஏறிடுச்சு. பாக்கி ஒண்ணும் இல்லை. பென் டிரைவை சுப்பிரமணியன் அண்ணன் கிட்ட குடுத்திருக்கேன். முதல் நூறு பேருக்கான சீட்டை இங்கேயே பிரிண்ட் எடுக்கச் சொல்லி வைத்திலிங்கம் சார் சொல்லிட்டாரு.

ஜான்சி


சிதம்பரம்
16 பிப்ரவரி 2012

ஜான்சிக்கு,

'பாக்கி ஒண்ணும் இல்லை' என்ற உன் ஒற்றை வரியைப் படித்தபோதே எனக்கு நெருடியது. ஏறாதிருந்த நாற்பத்து மூன்று பாரங்கள் ஒரே வாரத்தில் எப்படி ஏறின?

கண்டுபிடித்துவிட்டேன். அந்த நாற்பத்து மூன்று வரிகளிலும் அட்டை எண்ணுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய்.

இதை நீ தற்செயலாகக் கண்டாயா, எவரிடமாவது கேட்டறிந்தாயா என்பது தெரியாது. தனிச்சாவி எண்ணை எண்ணோடு ஒப்பிடும். வெறுமையை வெறுமையோடு ஒப்பிடாது. அறியப்படாத ஒன்றும் அறியப்படாத மற்றொன்றும் சமம் என்று எந்த அடிப்படையில் கூறுவது? ஆதலால் வெறுமை எத்தனை முறை வந்தாலும் அது வழிவிட்டு நிற்கும். நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இது உள்ளது. படித்திருந்தும் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்காமல் விட்டது என் குறை. அதை ஒப்புக்கொள்கிறேன். அதன் வழியே நுழைந்தது உன் குற்றம்.

அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். 641-ஆம் வரியில் என் விரல் நின்றது.

ஜான்சி. கணவர் பெயர் காத்தவராயன். வீட்டு வகை: கீற்றுக் கொட்டகை. சேதம்: முழுமை.

என் தாயாரின் ஓட்டு வீட்டில் மருமகளாக இருக்கும் உனக்கு எங்கிருந்து வந்தது கீற்றுக் கொட்டகை? தம்பியை விசாரித்தேன். "என்னக்கா நீ, எல்லாம் ஒரே அடுப்புதான். கொல்லையில சும்மா ஒரு கொட்டாய் கெடந்துது" என்றான்.

பட்டியலைப் பதிவு செய்கிறவள் தன் பெயரையே வெறுமையின் வழியாக உள்ளே நுழைப்பது என்னவென்று பெயரிட என் பேனா கூசுகிறது. பத்து நாள் அவகாசம் தருகிறேன். தக்க விளக்கம் வராவிடில் வைத்திலிங்கம் ஐயாவுக்கு எழுதுவேன்.

வே. லோகநாயகி


கடலூர்
21 பிப்ரவரி 2012

அண்ணிக்கு,

விசாரிச்சேன்னு எழுதியிருக்கீங்க. எப்படி விசாரிச்சீங்கன்னு எழுதலையே. போன செவ்வாய்க்கிழமை நான் ஆபீசுல இருக்கும்போது ஊருக்கு வந்திருக்கீங்க. என் கொட்டாய்க்குள்ள போயிருக்கீங்க. குனிஞ்சு அடுப்புச் சாம்பலுக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்கீங்க. மங்கலம் அக்கா வேலியோரம் நின்னு பார்த்துட்டு, "உன் நாத்தனா உன் அடுப்புக்கு நாடி புடிச்சுட்டுப் போறாடி" அப்படின்னு சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

ஆறரை பஸ்ஸுக்கு ஓடுறவ வீட்டு அடுப்பு மத்தியானம் ஆறித்தான் கெடக்கும் அண்ணி. நான் விடியக்காலம் நாலரைக்கு உலை வைக்கிறேன்.

கேட்டதுக்குப் பதில் சொல்றேன். போன ஆடியில நீங்க சேர்த்துவிட்ட வேலைக்கு வந்தேன் பாருங்க, பத்தாம் நாள் அத்தை என் சோத்துப் பானையை எடுத்து வாசல்ல வச்சாங்க. "காலையில பஸ்ஸு ஏறுற மருமவளுக்கு எதுக்குடி என் அடுப்பு?" அவ்ளோதான் பேச்சு. உங்க தம்பி அந்தப் பக்கம் கயித்துக் கட்டில்ல உக்காந்து செருப்புக்கு வாரு தச்சுக்கிட்டு இருந்தாரு. தலையத் தூக்கல. அன்னையிலேந்து நானும் புள்ளையும் முந்திரிக் கொல்லை கொட்டாய்ல இருக்கோம். அவரு சாப்பாடும் தூக்கமும் அம்மா வீட்ல. உங்ககிட்ட நான் சொல்லல. சொன்னா வேலையை விடுன்னு சொல்லுவீங்களோன்னு பயம்.

கார்டு அத்தை டிரங்குப் பெட்டியில இருக்கு. பேரைப் பிரிக்க ரெண்டு தடவை கேட்டேன். "கார்டுல பேர அடிச்சா ஊரு என்னா பேசும்?" அப்படின்னு பெட்டியைப் பூட்டிட்டாங்க. நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம்.

புயலன்னைக்குக் கொட்டாயோட கீத்து மொத்தமும் பறந்துடுச்சு. புள்ளையத் தூக்கிக்கிட்டு மங்கலம் அக்கா வீட்டுக்கு ஓடினேன், அங்கேயும் கூரை இல்ல. இப்ப தார்ப்பாய் கட்டியிருக்கு. வெயில் ஏறினா உள்ள உக்கார முடியல.

நான் பொய் எழுதல. எண் எழுதினா உங்க சாவி வெளிய தள்ளுது. எழுதாம விட்டா உள்ள விடுது. உள்ள விட்ட எடத்துல நின்னேன். மத்த 42 பேரும் அப்படித்தான்.

ஜான்சி


சிதம்பரம்
27 பிப்ரவரி 2012

ஜான்சிக்கு,

நான் வந்தது உண்மை. மறைக்க விரும்பவில்லை. அறிவிக்காமல் சென்று பார்ப்பதே ஆய்வு. அறிவித்துச் செல்வது விருந்து.

அன்று நான் கண்டவை இவை. உன் அடுப்பு ஆறியிருந்தது. என் தாயார் ஒரு பெரிய பானையைக் காட்டி, "நாலு பேருக்கும் இதுலதாம்மா பொங்கறேன்" என்றார். தம்பி தலையசைத்தான். இரண்டு சாட்சிகள் ஒரு பக்கம்; ஆறிய சாம்பல் மறுபக்கம். நீயே என் இடத்தில் இருந்தால் எதை எழுதுவாய்?

நாலரை மணிக்கு உலை வைப்பதாக நீ எழுதியதை இருமுறை படித்தேன். அது உண்மையாக இருக்கக்கூடும். ஆயினும் 'இருக்கக்கூடும்' என்பதை நான் பட்டியலில் ஏற்ற முடியாது. நீ என் உறவினள் என்பதால் தளர்ந்தேன் என்று நாளை எவரும் சொல்ல இடமளிக்க மாட்டேன்.

அட்டை எண் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டேன். வெறுமையுடன் இருந்த நாற்பத்து மூன்று வரிகளையும் நீக்கிவிட்டேன். உரிய விவரங்களை வைத்திலிங்கம் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன். முடிவு அவருடையது. மார்ச் முப்பத்தொன்றுடன் பட்டியல் முடிவடைகிறது.

இதை எழுதுவது எளிதாக இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல அனுமதி.

வே. லோகநாயகி


முந்திரிக் கொல்லையிலிருந்து
5 மார்ச் 2012

அண்ணிக்கு,

வேலைக்கு வரவேண்டாம்னு வெள்ளிக்கிழமை சொல்லிட்டாங்க. வைத்திலிங்கம் சார் கோவப்படல. "உங்க அண்ணியே எழுதும்போது நான் என்னம்மா பண்றது?" அப்படின்னாரு. நியாயம்தான்.

இப்ப வேலை போயிடுச்சு, பயமும் போயிடுச்சு. அதனால ஜனவரியிலேந்து நெஞ்சுல வச்சிருந்ததைக் கேக்கறேன்.

முதல் வரி யாருது அண்ணி?

611 போட்டேன், 612 காட்டுதுன்னு எழுதினேனே. என் பாரத்தைப் போட்டப்ப நம்ம வீட்டுக் கார்டு நம்பர் ஏற்கெனவே உள்ளதுன்னு வந்துச்சு. ஓடு நாலுதான் போச்சுன்னு அத்தை பாரமே குடுக்கல. அப்ப யாருன்னு தேடினேன். முதல் வரியில நீங்க இருக்கீங்க. வே. லோகநாயகி. ஊரு, தெரு எல்லாம் அம்மா வீட்டு விலாசம். கார்டு நம்பர் எங்க நம்பர். சேதம்: முழுமை. சிதம்பரத்துல பதினோரு வருஷமா வாடகை ரூம்ல தனியா பொங்கித் திங்கிற உங்களுக்கு, எங்க ஊர்ல என்ன முழுமைச் சேதம்?

உடனே கேக்க மனசு வரல. அந்த ஊர்ல குடியில்லாத ஆளா இருந்தா கேக்கலாமான்னு சுத்தி வளைச்சுக் கேட்டேன். முதலில் ஏறியவரே உரியவர், கிளறாதேன்னு எழுதினீங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அண்ணி நமக்குப் பாடம் நடத்திக்கிட்டே அம்மா வீட்டுக்குத் தகரம் எடுக்கறாங்கன்னு.

போன வாரம் அதுவும் வந்துடுச்சு. முதல் நூறு வரிக்கு லாரி வந்தப்ப, முதல் சீட்டு உங்க பேர்ல. பன்னெண்டு ஷீட்டு அம்மா வாசல்ல இறக்கினாங்க. உங்க தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கி, அன்னைக்கே மாட்டுக் கொட்டாய்க்கு அடிச்சுட்டாரு. மாடு இப்ப ஜோரா இருக்கு.

43 பாரத்தையும் இதோட அனுப்பறேன். ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் யாரு எந்த அடுப்புல பொங்கறாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்து வாங்கியிருக்கேன். சாம்பலைத் தொட்டுப் பார்க்கல. கேட்டேன், சொன்னாங்க.

ஜான்சி


சிதம்பரம்
12 மார்ச் 2012

ஜான்சிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்து முடித்தேன். பிறகு அட்டவணையைத் திறந்தேன். முதல் வரியில் நான் இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் தனிச்சாவியைப் பூட்டியதும் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு வரி தேவைப்பட்டது. ஓர் அட்டை எண் வேண்டும். எனக்கென்று அட்டை கிடையாது. என் பெயர் இன்றும் அம்மாவின் அட்டையில்தான் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் அதைப் பிரிக்க நானும் அலையவில்லை. அந்த எண் எனக்கும் மனப்பாடம். என் பெயரையும் அந்த எண்ணையும் அந்த முகவரியையும் இட்டேன். மீண்டும் அதையே இட்டேன். சாவி மறுத்தது. மறுத்த மகிழ்ச்சியில், ஏறியிருந்த முதல் வரியை நீக்க மறந்து உனக்கு அனுப்பிவிட்டேன்.

நீ 612 என்று எழுதியபோது எண்ணிப் பார்த்திருக்கலாம். உன் விரலைச் சந்தேகித்தேன். நாற்பத்து மூன்று வெறுமைகளைத் துருவிய நான், எண் உள்ள வரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண் இருந்தால் உண்மை என்று நினைத்துவிட்டேன்.

தனி உலை என்று எவரும் சொல்லிக்கொள்ளலாம் என உனக்கு எழுதினேன். அதை எழுதிய கையால் அன்றிரவுச் சோற்றை இந்த அறையில் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒருத்தியாக வடித்தேன். என் அடுப்புக்கும் அட்டை இல்லை.

நேற்று கடலூர் வந்து வைத்திலிங்கம் ஐயாவிடம் அனைத்தையும் எழுத்தில் கொடுத்தேன். அவர் இருமுறை படித்தார். "சோதனை வரிக்கு லாரியில் ஷீட் வருமாம்மா?" என்று கேட்டார். நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். கடவுச்சொல்லை எழுதி வாங்கிக்கொண்டார். அட்டவணை இனி என் பொறுப்பில் இல்லை.

விடைபெறும் முன் ஒரு திருத்தத்துக்கு மட்டும் அனுமதி கேட்டேன். தனிச்சாவி இனி அட்டை எண்ணின் மீது மட்டும் இராது. அட்டை எண்ணும் அடுப்பு எண்ணும் சேர்ந்த இணையின் மீது இருக்கும். ஒரே அட்டையில் அடுப்பு ஒன்று, அடுப்பு இரண்டு என ஏறலாம். ஒரே அடுப்பு இருமுறை ஏறாது. இரண்டு கட்டங்களும் கட்டாயம். நீ பின்புறம் கையெழுத்து வாங்கிய பாரங்களைக் கண்டதும் ஐயா ஒப்பினார். உன்னைத் திரும்ப அழைப்பார்.

ஆனால் உன் வரிக்கு மட்டும் தடை. அந்த அட்டைக்கு ஏற்கெனவே தகரம் போயிருக்கிறது; நீ ஊழியர்; நான் உறவினள். ஆகவே நீ தனிக் குடும்பம் என்பதற்கு அரசு முத்திரையிட்ட தாள் ஒன்று வேண்டும் என்கிறார். அட்டையிலிருந்து பெயர் நீக்கிய சான்று. முப்பத்தொன்றுக்குள்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் பழகியதில்லை. கோணலாக எழுதுவதினும் எழுதாமலிருப்பது மேல்.

வே. லோகநாயகி


கடலூர்
16 மார்ச் 2012

அண்ணிக்கு,

42 பேர் ஏறிட்டாங்க. மங்கலம் அக்காவுக்கு அடுப்பு எண் ரெண்டு. "அப்ப ஓரகத்தி ஒண்ணாமா? மூத்தவ நான் இருக்கும்போதா?" அப்படின்னு சண்டைக்கு வந்து, மாத்திப் போட்டேன்.

சோதனைக்குப் போட்ட வரின்னு எழுதியிருக்கீங்க. ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். நம்பணும்னுதான் ஆசை. சார் கேட்டதையேதான் என் மனசும் கேக்குது. உங்களுக்குக் கோவம் வரும்னு தெரியும், ஆனாலும் இருக்கறதைத்தானே எழுதணும்.

அத்தைகிட்ட மூணாவது தடவையா கார்டு கேட்டேன். "என் பொண்ணு பேருக்கு வந்த ஷீட்டு மேல உனக்கு என்னாடி கண்ணு?" அப்படின்னு கதவைச் சாத்திட்டாங்க. உங்க தம்பி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. என் பாரம் மேசை டிராயர்ல இருக்கு.

ஜான்சி


சிதம்பரம்
25 மார்ச் 2012

ஜான்சிக்கு,

இத்துடன் மூன்று தாள்கள் உள்ளன. பண்ருட்டி வட்ட வழங்கல் அலுவலக முத்திரையுடன் கூடிய பெயர் நீக்கச் சான்றுகள். ஒன்று உனக்கு, ஒன்று குழந்தை சிந்துஜாவுக்கு, மூன்றாவது என்னுடையது. முதல் இரண்டையும் எடுத்துக்கொள். என்னுடையதை வைத்திலிங்கம் ஐயாவிடம் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பு. முதல் வரியை நீக்கவும், பன்னிரண்டு தகரங்களைத் திரும்ப எடுக்கவும் என் எழுத்துவழிச் சம்மதத்தை அதனுடன் இணைத்திருக்கிறேன். தம்பி தடுத்தால் அந்தத் தாளைச் சுப்பிரமணியன் அவனிடம் காட்டட்டும்.

இவற்றைப் பெற்ற விதத்தை நீ அறிய வேண்டும்.

திங்கட்கிழமை அம்மாவிடம் சென்றேன். சிதம்பரத்தில் எனக்குத் தனி அட்டை வாங்க வேண்டும், என் பெயரை நீக்கித் தாருங்கள் என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். குடும்பத் தலைவி என்ற முறையில் அவர் கைநாட்டு வேண்டும். நான் மூன்று மனுக்கள் எழுதிச் சென்றிருந்தேன். என்னுடையதை மட்டும் உரக்க வாசித்தேன். மற்ற இரண்டும் அதன் நகல்கள் என்றேன். மூன்றிலும் பெருவிரலை வைத்தார்.

படிக்கத் தெரியாத தாயிடம் பொய்யுரைத்துப் பெற்ற தாள்கள் இவை. பிறர் எழுதிய ஒவ்வொரு கட்டத்தையும் ஐயுற்றவள் செய்த காரியம் இது. நியாயப்படுத்தமாட்டேன். நீ இவற்றைக் கிழித்தெறிய விரும்பினால் அது உன் உரிமை. பயன்படுத்த விரும்பினால், பழி என்னுடையது.

சோதனை வரி குறித்து நீ இன்னும் நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். வேண்டாம். நம்பாமலே இரு. உன் கூரை ஏறினால் போதும்.

வே. லோகநாயகி


கடலூர்
30 மார்ச் 2012

அண்ணிக்கு,

என் வரி நேத்து ஏறிடுச்சு. 655. முதல் வரியை எடுத்தாச்சு. பன்னெண்டு ஷீட்டையும் சுப்பிரமணியன் அண்ணன் மாட்டுக் கொட்டாயிலேந்து கழட்டி எடுத்து வந்து, சார் சொன்னபடி எனக்கே போட்டுட்டாரு. ஒவ்வொண்ணுலயும் நாலு ஆணி ஓட்டை. தார் வச்சு அடைச்சுக்கலாம். உங்க தம்பி தடுக்கல. ஏணியைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒரு காரியம் பண்ணினேன். அந்தத் தாளை வச்சுக்கிட்டு எனக்குச் சோறு எறங்கல. சாருக்குக் காட்டறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். கதவைச் சாத்தறதுக்குள்ள நிலைப்படியிலேயே நின்னு மூணு தாளையும் சத்தமா வாசிச்சேன். எங்க பேரு வந்த எடத்துல நிறுத்தி, "இது உங்களுக்குத் தெரியாம வாங்கினது அத்தே. வேணாம்னா இப்பவே கிழிச்சுடறேன்" அப்படின்னேன்.

அவுங்க முந்திரிக்கொட்டை தட்டிக்கிட்டு இருந்தாங்க. கையை நிறுத்தல.

"தெரியாம என்னா? நகலுக்கு எவளாவது கைநாட்டு வாங்குவாளா? கடையில நகலுன்னா ஜெராக்ஸுதான் எடுத்தாரச் சொல்றான். எழுத்து தெரியாதுன்னா ஒண்ணுமே தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் அத்தே வச்சீங்க?"

ரெண்டு கொட்டை தட்டினாங்க. அப்புறம் சொன்னதை அப்படியே எழுதறேன் அண்ணி, ஒரு எழுத்து கூட்டல.

"நீ கேட்டா குடுத்திருக்க மாட்டேன். சாவுற வரைக்கும் குடுத்திருக்க மாட்டேன். கேட்டது அவ. சின்னப் புள்ளையில அடி வாங்கினாலும் பொய் சொல்லமாட்டா அவ, தெரியுமா? நாப்பது வருஷத்துல என் பொண்ணு மொத மொதல்ல என்கிட்ட பொய் சொல்றா. அதுவும் சொல்லத் தெரியாம, கழுத்தெல்லாம் வேர்த்துப் போயி சொல்றா. அவ்வளவு வேணும்போல இருக்குன்னு வச்சேன்."

ஜான்சி